இருட்டைத் திறந்து பார்க்கும் வேலை

படத்தை வெளிச்சமாக்குகிற ஸ்லைடரை எவ்வளவு தூரம் தள்ளவேண்டும் என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். புதிதாய் இந்தப் படம் திருத்துகிற வேலைக்கு வந்தவர்கள் வேறு எதைக் கேட்பீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆளில்லாததால், படம் திருத்துகிற மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் கூடிக் கதைக்கும் இணையப் பக்கம் ஒன்றில் கேட்டேன். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் இருந்து, முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். படம் போதும் என்று சொல்லும்வரை தள்ளுங்கள், பிறகு கொஞ்சம் பின்னுக்கு வாருங்கள் என்றார். படம் எப்படிச் சொல்லும் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர் ஒரு சிரிப்பு மட்டும் அனுப்பினார். எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! ஆனால் பல வருடம் கழித்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதே சிரிப்புத்தான்.

கழுத்து நோவும் கண்ணில் படலமும் வந்து நான் வேலையை விட்டபின், பகலில் சாய்மனைக் கதிரையில் கிடக்கும்போது எனக்கு அந்தப் பின்னறைதான் நினைவில் வருகிறது. அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட, ஸ்ரூடியோவின் பின்பக்கம், யன்னலை அடைத்து, சுவரெல்லாம் சாம்பல் நிறம் பூசிய அறை. திரையில் நிறம் பார்க்கிற கண்ணைச் சுவரின் நிறம் ஏமாற்றக்கூடாது என்பதற்காக அப்படிப் பூசினோம். வெளியே எங்கள் ஊர் வெயில் எரிக்கும். வெங்காய லொறி இரையும், சந்தையில் பேரம் பேசுகிற சத்தம் கேட்கும். கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். வெயிலில் இருந்து உள்ளே வருகிறவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மேசை வரும், கதிரை வரும், கடைசியாக நான் வருவேன். என்னை அங்கே கண்டு திடுக்கிட்டவர்கள் பலர்.

கமெரா கண்டதை அப்படியே வைத்திருக்கிற மூலப்படக் கோப்பு, றோ என்று சொல்வோமே, அதுவும் அப்படித்தான். கமெராவின் பின்பக்கத்தில் பளிச்சென்று தெரிகிற படம், கமெரா தன் அவசரத்தில் செய்து காட்டும் சின்ன ஜேபெக் படம். உள்ளே கிடக்கும் றோ வேறு. அது நித்திரை கொள்கிற ஆள் மாதிரி. கண்டதை எல்லாம் வைத்திருக்கும், தட்டி எழுப்பிக் கேட்டால்தான் சொல்லும். கட்டிக் கறுப்பு என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் ஒரு கதிரை இருக்கும், அதில் ஒரு கிழவர் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். சில நாட்களில் வேலையை மறந்து, யார் யார் இருட்டுக்குள் நிற்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது களவாய் ஏற்றிய ஒன்று. ஊரில் எல்லாரிடமும் அதுதான் இருந்தது, ஒருவரும் வெட்கப்படவில்லை. ஒரு கலியாண மாதத்தில் அது திடீரென்று பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் திறந்த மூல மென்பொருளுக்கு வந்தோம். இலவசம் என்பதால் வந்தோம், வேறு காரணத்தால் நின்றோம். அது மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்கிற ஒவ்வொரு வேலையும் மேலே ஒரு மெல்லிய துணி மாதிரி விழும். வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று. மணல் என்று நாங்கள் சொல்வது, இருட்டை வலிந்து வெளிச்சமாக்கும்போது படம் முழுக்கப் பொரிந்து நிற்கிற புள்ளிகளை. எந்தத் துணியையும் எப்போதும் உரிக்கலாம். அடியில் படம் அப்படியே கிடக்கும். அந்த ஒரு குணத்துக்காகவே அந்த மென்பொருளில் எனக்கு ஒரு பாசம்.

ஒட்டு வேலையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். விசா கிடைக்காத அண்ணன், லீவு கிடைக்காத சித்தப்பா, பிள்ளை பெறப்போகிற அக்கா என்று வெளிநாட்டில் இருந்து வரமுடியாமல் போனவர்கள் எல்லோரும் எங்கள் பின்னறைக்கு வந்துதான் குடும்பப் படத்தில் ஏறினார்கள். ஒரு சித்தப்பாவுக்குக் காலடியில் நிழல் போட மறந்துபோய், மனிசன் நிலத்தில் முட்டாமல் மிதந்தபடி ஒரு வீட்டு ஹோலில் கனகாலம் தொங்கினார். யாருக்கும் அது பொய் இல்லை. கேட்டவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். கேள்வி என்று ஒன்று வந்தால்தான் பொய் என்று ஒன்று வரும். எனக்கு அது விளங்கியது வதனி வந்த நாளில்.

வதனியின் கலியாணம் தொண்டைமானாறு என்கிற ஊரில், அவர்களுடைய வீட்டு முற்றத்திலேயே நடந்தது. படம் எடுத்தவர் எங்கள் ஸ்ரூடியோ முதலாளி. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஏரிப்பக்கக் காற்றுக்குப் பந்தல் துணி பொம்மிப் பொம்மி அடங்கியபடி இருக்கிற படங்கள் அவை. வேலை செய்தபோது அந்தப் படங்களே மூச்சு விடுகிற மாதிரி எனக்கு இருந்தது. அல்பம் செய்து கொடுத்தோம், எல்லோருக்கும் திருப்தி. மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்பிப் போனார். சில மாதங்கள் கழித்து வதனிக்கு விசா வந்தது.

கொழும்புக்கு வெளிக்கிட்டுப் போகிற வழியில், வானை றோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்பாட்டிவிட்டு, அவள் தனியாக என் அறைக்கு வந்தாள். முற்பகல் நேரம். இருட்டில் நின்று கண்ணைக் கசக்கி, என்னைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, ஒரு விசயம் கேக்கோணும். அண்ணைக்கு முன்னாலை கேக்க வெக்கமாக் கிடக்கு."

"இரு பிள்ளை. முதல் இரு."

அவள் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"அல்பம் முழுக்கத் தேடிப்போட்டன் அக்கா. தாலி கட்டேக்கை அம்மா ஒரு படத்திலையும் இல்லை."

வதனியின் தகப்பன் அவள் சின்னப்பிள்ளையாய் இருக்கும்போதே கடலில் போய்விட்டார். தாய்தான் தையல் மெஷினோடு மல்லுக்கட்டி அவளைப் படிப்பித்தவர். ஆனால் கலியாணத்தன்று மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் மாமனும் மாமியும். புருசனை இழந்தவர் முன்னுக்கு வரக்கூடாதாம். இந்த வழக்கத்தில் எனக்கு எப்போதும் பொல்லாத கோபம். எத்தனையோ கலியாணப் படங்களில், சோடித்த வீட்டின் எங்கோ ஒரு மூலையில், வெறும் நெற்றியோடு பலகாரத் தட்டு அடுக்கிக்கொண்டிருக்கிற தாயை நான் கண்டிருக்கிறேன். பெற்றவளை மறைத்துவிட்டு என்ன மங்களம் என்று திரையைப் பார்த்து ஏசியும் இருக்கிறேன்.

வதனிக்கோ அதைவிடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. அது அவள் விரும்பிச் செய்த கலியாணம். தாய்க்குத் துண்டாய் விருப்பமில்லை. மாதக்கணக்காய் இரண்டுபேரும் ஒரே வீட்டில் கதைக்காமல் இருந்தார்களாம். கடைசியில் ஏதோ ஒரு நாள் தாய் சரி என்றாராம்.

"காலமை கூறை உடுக்கப் போகேக்கை, தாலி கட்டுறதைப் பாப்பியளோ எண்டு கேட்டனான். நீ போ, நான் உள்ளுக்கை நிண்டு பாப்பன் எண்டவ. பேந்து பாத்தனியளோ எண்டு கேட்டன். எல்லாம் நல்லா நடந்ததுதானே எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போட்டா. பாத்தனான் எண்டு சொல்லேல்லை அக்கா."

"அம்மாட்டைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

"பயமாக் கிடந்தது. இல்லை எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது? இப்ப போனால் எப்ப வருவனோ தெரியாது. அம்மா மனம் ஒத்துத்தான் என்னை விட்டவவோ, ஊருக்காகச் சும்மா நிண்டவவோ? அது தெரியாமல் என்னெண்டு பிளேனிலை ஏறுறது?"

தாய் எங்கே என்று கேட்டேன். வானுக்குள் இருக்கிறாராம். விமான நிலையம்வரை வருகிறாராம். மகள் படக்கோப்புகளின் பிரதி வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

நான் வன்தட்டைச் செருகி, அந்தக் கலியாணத்தின் றோ கோப்புகளைத் திறந்தேன். தாலி கட்டும் நேரம் அண்ணை மணவறைக்குப் பக்கவாட்டில் போய் நின்று எடுத்த படங்கள் சில இருந்தன. வலப்பக்கம் மணமக்கள், அவர்களுக்கு அப்பால் சனம், அவர்களுடைய முதுகுப்பக்கமாய் இடப்பக்க மூலையில் வீட்டு வாசல். மணவறை வெளிச்சத்துக்கு அளந்து எடுத்ததால் வாசல் தார் ஊற்றிய மாதிரிக் கறுப்பு. அல்பத்துக்கு அந்த மூலையை வெட்டியே விட்டிருந்தோம். மாப்பிள்ளையின் கை வதனியின் பின் கழுத்தில் முடிச்சுப் போடுகிற படத்தைத் தேர்ந்து, அந்தக் கறுப்பை மட்டும் மெல்ல மெல்ல உயர்த்தினேன்.

இந்த வேலையில் எனக்கு ஆக விருப்பமான கணம் அது. விடியற்காலையில் ஏரியின் மேல் பனிப்புகார் விலகுகிறபோது அக்கரை வருமே, அப்படி வரும். முதலில் கதவு நிலை வந்தது. பிறகு மாவிலைத் தோரணத்தின் நிழல். யாரோ கழற்றிவிட்ட செருப்புச் சோடிகள். பிறகு, நிலைக்கு உள்ளே ஒரு சேலைக்கரை. கரைக்கு மேலே ஒரு உடம்பு.

"அம்மா," என்றாள் வதனி. "என்ரை முதல் சம்பளத்திலை எடுத்துக் குடுத்த சீலை அக்கா. நாவல் நிறம்."

அவளுடைய விரல் என் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அண்ணை உள்ளே வந்தார். வான்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தான். என்ன விசயம் என்று கேட்டு, திரையைக் குனிந்து பார்த்தார். தோளுக்கு மேலே வெளிறிய ஒரு முட்டை வடிவம் தெரிந்தது. அதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள்.

"இந்தா நிக்கிறா! கண் ரெண்டும் மின்னுது பாருங்கோ. பாத்துக்கொண்டுதானே நிக்கிறா. பேந்தென்ன பிள்ளை?"

வதனி கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பாத்தவவோ?"

ஓம், பார்த்தார் என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. என் மனம் முழுக்க அந்த ஓம்தான் நிரம்பி நின்றது. ஆனால் அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. கண்கள் கொஞ்சம் மேலே நின்றன. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிழலும் இல்லை. பிள்ளைகளே, மென்பொருளில் மணலை நீக்குகிற பகுதி என்ன செய்யும் தெரியுமல்லவா? புள்ளிகளை ஒன்றோடொன்று இழைத்து மெழுகி விடும். மெழுகின இடத்தில் நாங்கள் விரும்பின முகத்தை எங்கள் கண்ணே வரைந்துகொள்ளும். மேகத்தில் யானை தெரிகிறதும் இப்படித்தான்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றேன்.

அண்ணை என் காதுக்குள் குனிந்தார். "தங்கச்சி, விடு. சந்தோசமாப் போகட்டும். முகம் தெளிவில்லை எண்டால் பலகாரத் தட்டோடை நிக்கிற படம் இருக்கு, அதிலையிருந்து எடுத்து ஒட்டிவிடு. எத்தினை பேரை ஒட்டியிருக்கிறம்."

நல்ல மனிசன் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெளியே ஹோன் திரும்பவும் அடித்தது. ஆனால் சித்தப்பாவை ஒட்டச் சொன்னவர்கள் சித்தப்பா வந்தாரா என்று என்னிடம் கேட்டதில்லை. இவள் கேட்கிறாள். கேட்ட வாய்க்கு முன்னால் ஒட்டு வேலை செய்ய எனக்குக் கை வரவில்லை. மணல் நீக்குகிற துணியை உரித்தேன்.

மெழுகினது போய், மூலை முழுக்க மணல் பொரிந்தது. முகம் கலைந்துவிட்டது. அந்த இரண்டு பொட்டுகள் மட்டும் கலையவில்லை. பெருப்பித்தபோது அவை பொட்டுகளாய் இல்லை, இரண்டு சின்னக் கோடுகளாய் நின்றன. காலையில் அதே தாய் மாலை கட்டிக்கொண்டு இருந்ததைப் பின்பக்கம் இருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இறுக்கி முடிந்த நரைத்த கொண்டை. அதில் இரண்டு கொண்டையூசிகள். அதே சாய்வு, அதே இடைவெளி.

அண்ணை பெருமூச்சு விட்டார். நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. வதனி தையற்காரியின் மகள், நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவள்.

"திரும்பி நிண்டிருக்கிறா," என்றாள். குரல் கீழே போய்விட்டது. "வாசலுக்கு வந்தும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறா. என்ரை தாலியைப் பாக்க அவவுக்கு மனமில்லை."

எழும்பிவிட்டாள். கைப்பையை எடுத்தாள். அண்ணை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமாட்டேன். உன்னுடைய சத்தியத்தைக் கொண்டுபோய் ஏரியில் போடு என்கிற பார்வை. எனக்கும் என்மேல் கோபம் வந்தது. பொய்ச் சந்தோசத்தைக் கலைத்து, மெய்த் துக்கம் ஒன்றை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அதை அவள் கடல் கடந்து காவிக்கொண்டு போகப்போகிறாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்கவேண்டும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்களே, அதில் தீர என்கிற சொல்லை நாங்கள் விழுங்கிவிடுவோம். பாதி விசாரித்துவிட்டு எழும்பிப் போவோம். அந்தப் படத்தின்மேல் இன்னும் உரிக்காத துணிகள் கிடந்தன. கலியாணப் படம் ஒவ்வொன்றும் உள்ளே வரும்போதே தானாய் மேலே விழுகிற எங்கள் ஸ்ரூடியோ வழக்கங்கள் அவை. தோலை வெளிறவைக்க ஒன்று, பட்டுச்சேலைக்குச் சிவப்பைக் கூட்ட ஒன்று, அப்படிப் பல. வேறு ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உரிக்க இன்னும் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.

"வதனி, இன்னும் முடியேல்லை. ஒரு நிமிசம் நில்."

"வேண்டாம் அக்கா. கண்டது காணும், போதும்."

"காணாது. நில் எண்டால் நில்."

என் குரல் கொஞ்சம் உறைப்பாய் வந்திருக்கவேண்டும், அவள் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றாள். ஒவ்வொன்றாய் உரித்தேன். தோல் வெளுப்பு போனது. சிவப்புப் போனது. கூர்மை போனது. படம் சோபை இழந்து, மங்கலாய், வயதுபோன ஆளைப் போல் வந்து நின்றது. கடைசியாய் ஒன்று மிஞ்சியது. எங்கள் பழைய கமெராவில் வெளிச்சத்தை வாங்குகிற உணரியில் சில புள்ளிகள் பழுதாகி, படத்துக்குப் படம் வெள்ளையாய் எரியும். தனியே நிற்கிற வெளிச்சப் புள்ளிகளைத் தேடித் துடைக்கிற பகுதி அது. அதையும் உரித்தேன்.

கொண்டைக்குப் பக்கத்தில், இருட்டில், ஒரு பிடி வெளிச்சப் புள்ளிகள் பூத்தன.

கமெராவின் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழுதுப் புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். இதற்கு முந்தி எடுத்த படத்தைத் திறந்தேன், அந்த இடம் வெறும் கறுப்பு. மணலாய் இருக்குமோ என்றால், மணல் சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்டபடி இருக்கும். இவை எல்லாம் ஒரே நிறம், லேசான மஞ்சள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். அவற்றுக்குக் கீழே ஒரு வளைவு தெரிந்தது. முழங்கை. மடங்கி மேலே உயர்ந்த முழங்கை. தோளுக்கு மேலால் பின்பக்கம் நீண்ட ஒரு கை, விரல்கள் விரிந்தபடி.

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. வதனி எப்போது கதவை விட்டு வந்தாள் என்று தெரியாது, என் தோளுக்குப் பின்னால் அவள் மூச்சுக் கேட்டது.

"அக்கா. அது அரிசி."

அட்சதை. மஞ்சள் போட்ட அரிசி. தாலி ஏறுகிற நேரம் சனமெல்லாம் முன்னால் நின்று மணமக்கள்மேல் போடுகிற அதே அரிசி. அந்தத் தாய் இருட்டுக்குள் நின்று, மகளுக்கு முதுகைக் காட்டியபடி, தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்திருக்கிறாள். அண்ணையின் ஃபிளாஷ் அதைக் காற்றில் பிடித்திருக்கிறது. எங்கள் ஸ்ரூடியோ வழக்கம் அதைப் பழுதென்று நினைத்துத் துடைத்திருக்கிறது.

மூன்றுபேரும் திரைக்குக் கிட்டக் குனிந்தோம். அந்தப் புள்ளிகள் விழாமல் அப்படியே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி எவ்வளவு நேரமும் இருந்திருப்பேன். வதனி சட்டென்று திரும்பி வெளியே ஓடினாள்.

தாயைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த மனுசி, பயணத்துக்கென்று உடுத்த பருத்திச் சேலை. வெயிலில் இருந்து வந்ததால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல், கையை முன்னால் நீட்டித் தடவியபடி நின்றார். பிறகு திரை தெரிந்திருக்கவேண்டும்.

"இதென்ன, என்ரை கொண்டையை ஏன் படம் பிடிச்சனியள்?" என்று சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏனம்மா திரும்பி நிண்டனியள்?"

தாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"என்ரை கண் அந்த நேரம் உன்ரை தாலியிலை படப்படாது எண்டு."

"ஆர் சொன்னது? மாமியோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் நிண்டனான். நான் அதுகளை நம்புறனோ இல்லையோ, உன்ரை விசயத்திலை என்னாலை சோதிச்சுப் பாக்கேலாது பிள்ளை. உனக்கு ஒண்டும் வந்திடப்படாது. உள்ளுக்கை இருக்கவும் மனம் கேக்கேல்லை. அதுதான்."

அந்த வழக்கத்தை ஏசுவதற்கு என் வாயில் எத்தனையோ சொற்கள் இருந்தன. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தபின் ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"அப்ப எப்ப போடுறதெண்டு என்னெண்டு தெரிஞ்சது?" என்று வதனி கேட்டாள். அழுகையும் சிரிப்புமாய் இருந்தது அவள் குரல்.

"கெட்டிமேளம் கேட்டதுதானே. நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாதோ?"

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். திரையைக் காட்டி, கூச்சப்பட்டபடி, ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பிள்ளை, இதிலை பாத்துச் சொல்லேலுமோ? அது அவளிலை பட்டதோ?"

வாசலுக்கும் மணவறைக்கும் இடையில் பாதி முற்றம் இருந்தது. சனம் இருந்தது. காற்று வேறு. படத்தில் அரிசி அப்போதுதான் கையை விட்டிருந்தது. வதனியின் தலையைப் பெருப்பித்தேன். மல்லிகைக்குள் நிறைய மஞ்சள் மணிகள் கிடந்தன.

"தலையிலை நிறையக் கிடக்கம்மா," என்றேன். "ஆனால் எது ஆர் போட்டதெண்டு படத்தாலை சொல்லேலாது."

என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். தாய் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பட்டது அம்மா," என்றாள் வதனி. தாயின் கையை எடுத்துத் தன் பின் கழுத்தில் வைத்தாள். "இஞ்சை. எல்லாற்றை அரிசியும் முன்னாலை விழுந்தது. இஞ்சை மட்டும் பின்னாலையிருந்து வந்து பட்டது. முடிச்சுப் போட்டு முடிச்ச உடனை. எனக்குக் கூசினது."

"மெய்யாவோ?"

"மெய்யா."

தாய் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், இன்னும் அங்கே ஏதும் ஒட்டியிருக்கிற மாதிரி. பிறகு, "அப்ப சரி. வா, வான்காரன் ஏசப்போறான்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு வெயிலுக்குள் போனார்.

வதனி சொன்னது மெய்யோ, அந்த நேரம் தாய்க்காகக் கட்டிச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. அதை அறிய வழி இருந்தது. முடிச்சுப் போட்டு முடிந்த அடுத்த கணத்தை, அதே பக்கத்தில் நின்று, அவளுடைய பின் கழுத்துத் தெரிய அண்ணை எடுத்த படம் ஒன்று திரையின் அடிவரிசையில் சின்னதாய் நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். பெருப்பித்தால் அரிசி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நான் தட்டவில்லை. பிள்ளைகளே, அந்த வன்தட்டு இன்னும் ஸ்ரூடியோவில் உங்கள் அலுமாரியில்தான் கிடக்கிறது. இதை வாசித்தபின் உங்களுக்குக் கை துருதுருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த இருட்டையும் திறந்து பாருங்கள், எந்தத் துணியையும் உரித்துப் பாருங்கள், நான் தடுக்கமாட்டேன். அந்த ஒரு படத்தை மட்டும் நித்திரை கொள்ள விடுங்கள்.